இனி நிலையற்றது அல்ல

2009 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 2.6.29 கெர்னலில்தான் பட்டர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை முதன்முதலாகச் சேர்ந்தது. கெர்னலை நாமே தொகுக்கும்போது ஒவ்வொரு வசதிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். இதற்கு எழுதப்பட்டிருந்த குறிப்பு கிட்டத்தட்ட ஒரு மிரட்டல். இது தீவிரப் பரிசோதனையில் இருக்கிறது, வட்டில் எழுதப்படும் வடிவமே இன்னும் முடிவாகவில்லை, போனால் போகட்டும் என்கிற தரவை வைத்துச் சோதிப்பவர்களைத் தவிர மற்றவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வடிவம் முடிவாகவில்லை என்ற பகுதி மட்டும் கொட்டை எழுத்தில்.

2013 இறுதியில் அந்தக் குறிப்பை மாற்றினார்கள். 'நிலையானது' என்று மாற்றியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. வட்டு வடிவம் 'இனி நிலையற்றது அல்ல' என்று எழுதினார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் "மோசமில்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போகிறவர்களை நமக்குத் தெரியும். அந்த மாதிரி பதில் இது. பொய்யும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது.

ஒரு கோப்பு முறைமையை 'நிலையானது' என்று யார், எப்போது, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு அலுவலகத்தில் வந்ததில்லை. அங்கே அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. எங்கள் நண்பர்கள் சிலர் நான்கு ஆண்டுகளாகத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களின் குரல்களைப் பதிவு செய்துவருகிறோம். பால்மரம் வெட்டியவர்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துப் பிறகு அங்கேயே கற்பித்தவர்கள், தாலாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த பாட்டிகள். பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை. அந்தக் குரல் அந்தக் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. குழுவில் நான் ஒருவன்தான் பொறியியல் படித்தவன் என்பதால், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, இதையெல்லாம் எதுல போட்டு வச்சா பத்திரமா இருக்கும்?" ஹார்ட் டிஸ்க் வாங்குவது சுலபம். அதை எந்த முறையில் ஃபார்மட் செய்வது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அதற்காகப் படிக்கப் போய்க் கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

வன்தட்டு என்பது எண்ணிடப்பட்ட கோடிக்கணக்கான கட்டங்கள், அவ்வளவுதான். எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பின் எந்தத் துண்டு இருக்கிறது என்று எழுதிவைக்கும் பேரேடுதான் கோப்பு முறைமை. புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருந்தும் நூலகத்தின் அட்டைப் பெட்டி எரிந்துபோனால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் ஆகும். அதிலும் இங்கே புத்தகங்களுக்கு அட்டையே கிடையாது, எல்லாம் கிழித்துக் கலந்த தாள்கள். பேரேட்டில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பேரேடு குழம்பிவிடும். 1970களின் இறுதியில் பெல் ஆய்வகத்தின் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே என்ற நிரல், அந்தக் குழப்பத்தை முழு வட்டையும் படித்துச் சரிசெய்தது. வட்டுகள் பெரிதானபோது அந்தப் படிப்பு மணிக்கணக்கில் நீண்டது. பிறகு ஜர்னல் வந்தது. செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்வது. நம் மளிகைக்கடை அண்ணாச்சிகள் கச்சாக் குறிப்பு எழுதி, ராத்திரி கணக்குப் புத்தகத்தில் ஏற்றுவது போல.

லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த முதல் ஜர்னல் கோப்பு முறைமை ரைசர்எஃப்எஸ், 2001இல், 2.4.1 பதிப்பில். சின்னச் சின்னக் கோப்புகளை இடம் வீணாகாமல் வைப்பதில் கெட்டிக்காரத்தனமானது. சூசே நிறுவனம் அதைத் தன் லினக்ஸின் இயல்புத் தேர்வாக வைத்திருந்தது. அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால், பெரிய நிறுவனம் பின்னால் நிற்கிறது, ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஓடுகிறது, ஆகவே நிலையானது என்றுதான் பதில் வந்திருக்கும்.

ஆனால் அதற்குள் ஒரு விசித்திரமான பள்ளம் இருந்தது. பேரேடு மோசமாகச் சிதைந்தால், அதன் பழுதுநீக்கி முழு வட்டையும் தடவிப் பார்த்து, எதெல்லாம் ரைசர்எஃப்எஸ் பேரேட்டுத் துண்டு போல இருக்கிறதோ அதையெல்லாம் பொறுக்கி எடுத்துப் புதிய பேரேடு கட்டும். நல்ல யோசனை. அந்த வட்டுக்குள்ளேயே இன்னொரு ரைசர்எஃப்எஸ் வட்டின் முழு நகலை ஒரு கோப்பாக வைத்திருந்தால்? அந்த நகலின் துண்டுகளையும் தன்னுடையவை என்று எடுத்துக் கலந்துவிடும். வட்டின் முழு நகலை ஒரே கோப்பாக வைப்பவர்கள் யார்? பேக்கப் எடுப்பவர்கள்தான். அன்றாட வேலைக்கு யார் கண்ணிலும் படாத குறை, பேக்கப் வட்டில் மட்டும் இரண்டு காலத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடும். 'நிலையானதா' என்ற கேள்வியை 'எதற்கு' என்று சேர்க்காமல் கேட்க முடியாது என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

ரைசர்எஃப்எஸ் செத்ததற்கு அதை உருவாக்கிய ஹான்ஸ் ரைசரின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மனைவியைக் கொன்ற வழக்கில் 2006இல் கைதாகி 2008இல் குற்றவாளி என்று தீர்ப்பானவர். ஆனால் சூசேயின் பொறியாளர்கள் அதை விட்டு எக்ஸ்ட்3க்கு மாறவேண்டும் என்று பேசத் தொடங்கியது கைதுக்கு முன்பே. பராமரிக்க ஆள் குறைந்துவிட்டது, புதிய வேலையெல்லாம் அடுத்த பதிப்புக்குப் போய்விட்டது என்பவைதான் காரணம். கொலை இல்லாவிட்டாலும் அது மெதுவாகப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். 2025 ஜனவரியில் வந்த 6.13 கெர்னலில் ரைசர்எஃப்எஸ் முழுதாக நீக்கப்பட்டது. 2003இல் ஒருவர் அதில் பேக்கப் எடுத்து அலமாரியில் வைத்திருந்தால், இன்று அதைத் திறக்கப் பழைய கெர்னலைத் தேடிப் போகவேண்டும்.

சரி, பட்டர்எஃப்எஸ்ஸுக்கு வருவோம். ஐபிஎம்மில் இருந்த ஓஹாட் ரோடே என்ற ஆய்வாளர் 2007இல் முன்வைத்த ஒரு மர அமைப்பிலிருந்து, அதே ஆண்டு ஆரக்கிள் நிறுவனத்தின் கிரிஸ் மேசன் தொடங்கியது இது. மைய யோசனை எளிமையானது: பழையதன்மேல் எழுதாதே. மாற்றம் வந்தால் வேறு இடத்தில் எழுது, எழுதி முடித்தபின் சுட்டியை மட்டும் மாற்று. நடுவில் மின்சாரம் போனால் பழையது அப்படியே இருக்கும். இன்னொன்று செக்சம். ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு கணக்குத்தொகை எழுதிவைத்து, படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்த இரண்டையும் சன் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ் 2005லேயே செய்துகாட்டிவிட்டது. ஜெஃப் பான்விக்கும் மேத்யூ அரென்ஸும் 2001இல் தொடங்கிய வேலை அது.

செக்சம் ஏன் வேண்டும்? வட்டு தன்னிடம் இருப்பதைத் தப்பாகத் தரும், தப்பு என்று சொல்லாமலே தரும். 2008இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லக்ஷ்மி பைரவசுந்தரம் முதல் ஆசிரியராக இருந்து வெளியான ஓர் ஆய்வு 15.3 இலட்சம் வட்டுகளை 41 மாதங்கள் கவனித்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில், வட்டு தந்த தரவும் செக்சமும் ஒத்துப்போகவில்லை. நாம் கடையில் வாங்கும் வகையைச் சேர்ந்த மலிவு வட்டுகளில் இது, விலையுயர்ந்த நிறுவன வட்டுகளைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகம். அன்றாடம் திறக்கும் கோப்பில் இப்படி நடந்தால் நாம் கவனித்துவிடுவோம். பேக்கப் வட்டோ அலமாரியில் தூங்குவது. அதைத் திறக்கும் நாள், மற்ற எல்லாம் போய்விட்ட நாள். அன்றைக்குத்தான் தெரியும் என்றால் தெரிந்து என்ன பயன்?

ஆகவே பேக்கப்புக்குப் பட்டர்எஃப்எஸ் என்பது தாளில் பார்த்தால் மறுபேச்சில்லாத விடை. நிஜத்தில் அதன் வரலாறு கரடுமுரடானது. முதல் சில ஆண்டுகள் அதன் பழுதுநீக்கியால் பழுதைப் பார்க்க மட்டுமே முடிந்தது, நீக்க முடியாது. நீக்கக்கூடியது வந்தது 2012இல். இன்றும் அதன் கையேடு, விவரம் தெரிந்தவர் சொல்லாமல் அந்தப் பழுதுநீக்கியை ஓட்டாதே என்று எச்சரிக்கிறது. வைத்தியரே, 'என் மருந்தை என்னைக் கேக்காம குடிக்காதீங்க, நோயைவிட மோசமாகலாம்' என்று சீட்டில் எழுதித் தருவது மாதிரி. 2013இல் ரெய்ட்5, ரெய்ட்6 வசதிகள் சேர்ந்தன. பல வட்டுகளில் தரவைப் பரப்பி, ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து மீட்கும் முறை. 2016இல் அதன் சரிபார்ப்பே சில சமயம் மீட்புத் தகவலைத் தப்பாக எழுதுகிறது என்று தெரியவந்தது. பழுது பார்க்கப் போன கை பழுதாக்கியது. குறிப்பிட்ட அந்தப் பிழை பிறகு திருத்தப்பட்டாலும், அந்த இரண்டு வசதிகளையும் முக்கியத் தரவுக்கு நம்பவேண்டாம் என்ற அறிவுரை நிற்கிறது.

எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது அடுத்த கட்டம். 2012இல் ஆரக்கிளும் சூசேயும் பட்டர்எஃப்எஸ்ஸை வாடிக்கையாளர்களுக்கு முழு ஆதரவோடு தரத் தொடங்கின. 2014இல் சூசேயின் நிறுவனப் பதிப்பில் அது மூல வட்டின் இயல்புத் தேர்வானது. 2017 ஆகஸ்ட்டில் ரெட் ஹாட் நிறுவனமோ, இதை நாங்கள் என்றைக்கும் முழு ஆதரவுக்குக் கொண்டுவரப் போவதில்லை என்று அறிவித்து, 2019இல் வந்த தன் எட்டாம் பதிப்பிலிருந்து எடுத்தேவிட்டது. ஒரே நிரல், ஒரே காலம், இரண்டு கெட்டிக்கார நிறுவனங்கள், நேரெதிரான இரண்டு தீர்ப்புகள். கூத்து என்னவென்றால், ரெட் ஹாட்டின் ஆதரவில் நடக்கும் ஃபெடோரா, 2020 அக்டோபரில் தன் மேசைக்கணினிப் பதிப்புகளுக்குப் பட்டர்எஃப்எஸ்ஸையே இயல்பாக்கியது.

இதில் யார் பொய் சொன்னார்கள்? யாருமில்லை என்றே நினைக்கிறேன். ரெட் ஹாட்டில் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு முறைமையை ஆழமாக அறிந்தவர்கள் இருந்தார்கள். பட்டர்எஃப்எஸ்ஸில் வேலை செய்த ஜோசஃப் பாசிக் போன்றவர்கள் வெளியேறியிருந்தார்கள். அவரும் கிரிஸ் மேசனும் பிறகு போய்ச் சேர்ந்த இடம் ஃபேஸ்புக். வாடிக்கையாளர் ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்தால் யார் போனை எடுப்பது? அதற்கு ஆள் இருக்கும் நிறுவனம் 'நிலையானது' என்கிறது, இல்லாத நிறுவனம் 'இல்லை' என்கிறது. வீட்டில் வைக்கும் சேமிப்புப் பெட்டிகளை விற்கும் சினாலஜி 2016 முதல் பரவலாகப் பட்டர்எஃப்எஸ்ஸைத் தருகிறது. ஆனால் அதன் ரெய்ட்டை நம்பாமல், லினக்ஸின் பழைய எம்டி ரெய்ட்டைக் கீழே போட்டு, மேலே மட்டும் பட்டர்எஃப்எஸ்ஸை வைக்கிறது. முழு நம்பிக்கையும் இல்லை, முழு மறுப்பும் இல்லை; நல்ல அறையில் மட்டும் குடியிருக்கிறார்கள். நான் படித்தவற்றிலேயே நிதானமான தீர்ப்பு இது. ஃபேஸ்புக் பெரிய அளவில் பயன்படுத்துகிறதே என்ற வாதத்தை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே ஒரு சர்வர் விழுந்தால் அதே தரவு வேறு இடங்களிலும் இருக்கும். எங்கள் பாட்டிகளின் குரல் அப்படி இல்லையே.

அப்படியானால் பழையதையே நம்பலாமா? எக்ஸ்ட்4 இருக்கிறது, எத்தனையோ கோடிக் கருவிகளில் ஓடுகிறது. அது 'நிலையானது' ஆன விதமும் கேட்கவேண்டியது. பெயரில் ஒட்டியிருந்த 'டெவ்' என்ற வாலை 2008 டிசம்பரில் வெட்டினார்கள், நிலையானதாகிவிட்டது. அடுத்த சில வாரங்களிலேயே உபுண்டு பயனர்களிடமிருந்து புகார்: கணினி திடீரென்று நின்று மீண்டும் எழுந்தால், அமைப்புக் கோப்புகள் இருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை, சுழியம் பைட். பழைய எக்ஸ்ட்3 பொதுவாக ஐந்து விநாடிக்குள் வட்டில் எழுதிவிடும். எக்ஸ்ட்4 வேகத்துக்காக எழுதுவதைத் தள்ளிப்போட்டது. பொறுப்பாளர் டெட் சோ, விதிப்படி நாங்கள் செய்வது சரி, 'இப்போதே எழுது' என்று நிரல்கள்தான் கேட்டிருக்கவேண்டும் என்று விளக்கினார். அதோடு நில்லாமல், அப்படிக் கேட்காத நிரல்களைக் காப்பாற்றும் திருத்தங்களையும் அவரே எழுதினார். அந்த இரண்டாவது செயலுக்காக எனக்கு அவர்மேல் மரியாதை.

நிரல் எழுதுபவர்கள் விதிகளை நம்பாமல், தாங்கள் பழகிய கோப்பு முறைமையின் பழக்கத்தை நம்பியே எழுதுகிறார்கள் என்பது 2014இல் ஆய்வாகவே வந்தது. தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை முதல் ஆசிரியர். சுசீந்திரம் சாமியின் பெயரை ஒரு கணினி ஆய்வின் தலைப்பில் பார்த்து நான் கொஞ்ச நேரம் நின்றேன். கிட் உள்ளிட்ட 11 பிரபல மென்பொருள்களைச் சோதித்து, கணினி நடுவில் நின்றால் தரவு கெடக்கூடிய 60 ஓட்டைகளை அந்தக் குழு கண்டுபிடித்தது. ஒரு கோப்பு முறைமையில் பத்திரமாக ஓடும் நிரல் இன்னொன்றில் தடுமாறும்.

2023இன் கடைசி வாரங்கள் இந்த வரலாற்றில் எனக்கு மறக்க முடியாதவை. இசட்எஃப்எஸ் என்றால் கோயில் மாதிரி, அதில் செருப்போடு யாரும் நுழைய மாட்டார்கள். நவம்பரில், அதன் திறந்தமூல வடிவமான ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸில் சில கோப்புகளின் நகலில் நடுநடுவே சுழியங்கள் இருப்பது தெரியவந்தது. முதலில் 2.2 பதிப்பில் வந்த ஒரு புதிய வசதிமேல் பழி விழுந்தது. தோண்டினால், பிழை பல ஆண்டுப் பழையது. புதிய வசதி அதை அடிக்கடி வெளியே வரச் செய்தது, அவ்வளவுதான். ஒரு கோப்பை எழுதிய மறுகணமே நகலெடுத்தால், 'இதில் காலி இடம் எங்கெங்கே' என்று நகலெடுக்கும் நிரல் கேட்கும். இன்னும் வட்டுக்குப் போகாத பகுதியைக் காலி என்று இசட்எஃப்எஸ் சில அபூர்வத் தருணங்களில் தவறாகச் சொல்லும். நகலில் அந்த இடம் சுழியமாகிவிடும். மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. நகலுக்குச் செக்சம்? கச்சிதமாக ஒத்துப்போகும், ஏனென்றால் அது சுழியங்களுக்கான செக்சம். நவம்பர் 30இல் திருத்தப் பதிப்புகள் வந்தன.

நம் விஷயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். எங்கள் பதிவுகள் சுருக்கப்படாத ஒலிக் கோப்புகள். அவற்றில் சுழியம் என்றால் மௌனம். ஒரு 128 கிலோபைட் துண்டு இப்படிப் போனால், குறுந்தகட்டுத் தரத்தில் சுமார் முக்கால் விநாடி சத்தமில்லாமல் இருக்கும். கோப்பு திறக்கும், ஓடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. கணவன் செத்த வருஷத்தைச் சொல்ல வந்து பாட்டி அங்கே நிறுத்தினாரா, கணினி நிறுத்தியதா? இருபது ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு அதை யார் சொல்வது?

அடுத்த வாரமே எக்ஸ்ட்4. டிசம்பர் 9 அன்று வரவேண்டிய டெபியன் 12.3 கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது, அதிலிருந்த 6.1.64 கெர்னல் எக்ஸ்ட்4 தரவைக் கெடுக்கக்கூடியது என்று தெரிந்ததால். ஒரு திருத்தத்தை, அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றத்தை விட்டுவிட்டுப் பழைய கெர்னலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் கெர்னல் வரிசைக்குப் பெயரே 'நிலையான கிளை'. மறுநாளே சரிசெய்து 12.4 வந்தது.

இவ்வளவையும் படித்தபிறகு நான் குழுவுக்குச் சொன்னது இது. எந்த முறைமையும் தனியாக நின்று எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது. ஆகவே ஒரே பிழையால் சேர்ந்து சாக முடியாத இரண்டு வேண்டும். ஒரு வட்டு எக்ஸ்ட்4, இன்னொன்று பட்டர்எஃப்எஸ், அதுவும் ஒற்றை வட்டாக, ரெய்ட்5 பக்கமே போகாமல். ஒற்றை வட்டில் பட்டர்எஃப்எஸ்ஸால் தரவுக் கேட்டைக் கண்டுபிடிக்க முடியும், குணப்படுத்த முடியாது. குணப்படுத்த மற்ற வட்டு இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகலெடுப்பதில்லை, இரண்டுக்கும் ஒலிப்பதிவுக் கருவியின் அட்டையிலிருந்தே நேராக. செக்சம் பட்டியலையும் அந்த அட்டையில் இருக்கும்போதே எடுத்துவிடுகிறோம். தப்பான நகலுக்குப் பின்னால் எடுத்த செக்சம் தப்புக்குத்தான் சாட்சி சொல்லும், 2023 அதைக் காட்டிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வட்டையும் முழுதாகப் படித்துப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். அதோடு குத்துமதிப்பாகச் சில கோப்புகளை எடுத்து, இன்னொருவர் கணினியில் காது கொடுத்துக் கேட்கிறோம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லோருக்கும் பிடித்த வேலை.

பீகேஷ்எஃப்எஸ் என்ற புதியதைப் பற்றியும் ஒரு நண்பர் கேட்டார். 2024 ஜனவரியில் 6.7 கெர்னலில் நுழைந்து, திருத்தங்களை எப்போது அனுப்பலாம் என்ற தகராறு முற்றி, 2025 கடைசியில் வந்த 6.18இல் வெளியேற்றப்பட்டது. நிரலின் தரம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனிதர்கள் பேசிக்கொள்ளாத வீட்டில் நான் பாட்டிகளைக் கொண்டுபோய் விடமாட்டேன்.

குழுவில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏன் இவ்ளோ சிரமம், எக்ஸ்ஃபேட்ல போட்டா என் லேப்டாப்லயும் திறக்கும், உங்க மேக்லயும் திறக்கும்" என்றாள் ஒரு தோழி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலும் இல்லை, தரவுக்குச் செக்சமும் இல்லை. ஆனால் லினக்ஸ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், எனக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் எக்ஸ்ட்4 வட்டைத் திறக்க அவர்கள் யாரையாவது தேடவேண்டும். ரெட் ஹாட்டின் கணக்கும் இதுதானே, ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்க ஆள் வேண்டும். ஆகவே எக்ஸ்ஃபேட்டில் மூன்றாவது வட்டு ஒன்று இருக்கிறது, எல்லோரும் எடுத்துக் கேட்பதற்கு. அதை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை, அவள் சேர்க்கிறாள். வட்டுகளைத் திறப்பது எப்படி என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி, அச்சிட்டு, வட்டுப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது நடக்கும் வாக்குவாதம் வேறு. முதல் இரண்டு வட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் முழுகியதை எல்லோரும் பார்த்தோம், செக்சம் வெள்ளத்துக்கு ஒன்றும் செய்யாது. ஒன்றையாவது பினாங்குக்கு அனுப்பலாம் என்கிறேன் நான். ஆசிரியர், தன் வீட்டு மாடி அலமாரி போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் பினாங்குக்குப் போய்வரமாட்டேன் என்கிறார். அதையும் என்னால் மறுக்க முடியவில்லை.